ஹார்லன் தவறி நுழைந்த வீடு

எங்கள் புறநகரில் வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. டேட்டன் நகருக்கு வெளியே, சோளக்காட்டை அழித்து ஒரே கம்பெனி கட்டியது. குடித்துவிட்டு வருகிறவன் பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக் கதவிலோ சாவியைத் திருகிக்கொண்டிருப்பது இங்கே சகஜம்.

எழுபத்தெட்டில், பனி உருகிய சமயம், என் பக்கத்து வீட்டுக்கு மார்லீனும் கார்டனும் குடிவந்தார்கள். கார்டனுக்குத் தொழிற்சாலையில் வேலை. மார்லீன் கர்ப்பமாக இருந்ததால் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம், வெயில் இறங்குமுன், கார் ஷெட் கதவு மேலேறும் சத்தம் கேட்டது. சமையலறைக்குள் பூட்ஸ் காலடி. ஃபிரிட்ஜ் திறந்தது. புருஷன் சீக்கிரம் வந்துவிட்டான் என்று படுக்கையறையிலிருந்தே குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ் ‘ஆ’வென்று திறந்து கிடந்தது. ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வேலை நாள் தவறாமல் அது வந்தது. மார்லீன் நாலு மணியிலிருந்தே நிலைகொள்ளாமல் தவிப்பாள். துணி மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். என் வாசலுக்கு வருவாள். அப்படியே திரும்பிப் போவாள். புருஷனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

“மாசமா இருந்தா இப்படித்தான் என்னென்னமோ தோணும்னு எங்கம்மா சொல்வாங்க.”

“உங்கம்மாவ ஒருநாள் வந்து இங்க ஒக்காரச் சொல்லு,” என்றாள் மார்லீன்.

அந்தப் பேச்சு உறைத்ததோ என்னவோ, அவன் ஒருநாள் லீவு போட்டு மார்லீனோடு மேஜையருகே உட்கார்ந்திருந்தான். காலடி வந்தது. எதிர் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. யாரோ சோற்றுக்குக் காத்திருப்பதுபோல் சற்று நேரம் அமைதி. பிறகு மேஜைமேல் ஒரு குத்து. “வெர்னா!” என்று ஓர் ஆண் குரல். தட்டு பறந்து, மார்லீனின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது.

இருவரும் என் புல்வெளிக்கு ஓடிவந்தார்கள். கார்டன் காலில் காலுறை மட்டும் இருந்தது.

வெர்னா என்ற பெயரைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பின்தெருவில் வெர்னா ஸ்டக்கி இருந்தாள். அவள் புருஷன் ஹார்லன் போன குளிர்காலத்தில், வீட்டுக்கு வரும் வழியில், காரிலேயே செத்துப்போனான். உயிரோடு இருந்தபோதே போதையில் தெரு மாறி இந்த வீட்டுக்குள் வந்துவிடுவான். முன்பு குடியிருந்தவர்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டு வருவார்கள்.

மறுநாள் மார்லீனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெர்னா சமையலறைச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தூரிகையை நிறுத்தாமலே பேசினாள்.

“அவன் போனதுக்கப்புறந்தான் நான் நிம்மதியா தூங்குறேன். திரும்பக் கூட்டிட்டுப் போன்னு சொல்லாத கண்ணு. மாட்டேன்.”

“கூட்டிட்டுப் போகச் சொல்லல, மிஸஸ் ஸ்டக்கி. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நேத்து தட்டு காதுகிட்ட போச்சு.”

“எந்தக் காது?”

“இடது.”

வெர்னாவின் கை தன் இடது காதுக்குப் போனது. அங்கே மடலில் ஒரு சின்னப் பிளவு இருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு கிளம்பினாள்.

மார்லீனின் சமையலறையில், ஹார்லன் வழக்கமாக இழுக்கும் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். நாங்கள் கதவோரம் நின்றோம். காலடி வந்து அவள் முன்னால் நின்றது. அலமாரியில் கோப்பைகள் நடுங்கின.

“வெர்னா.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“சாப்பாடு இல்ல ஹார்லன். இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. உன் சட்டையெல்லாம் சர்ச்சுக்குக் குடுத்துட்டேன். பூட்டையும் மாத்திட்டேன். போ.”

குரல் நிதானமாகத்தான் இருந்தது. மேஜைக்கடியில் அவள் கைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் காலடி பின்வாங்கியது. ஷெட் கதவு மெல்ல இறங்கி மூடியது. வெர்னா அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் அழுதாள். மார்லீன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மார்லீன் வீட்டுக்கு அவன் அப்புறம் வரவில்லை.

ஆனால் ஆகஸ்டில் எதிர்வீட்டு புரூயிட் தம்பதி ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டார்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த திருமதி புரூயிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெர்னா என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு, அவளைப் பின்தெருவுக்கு அழைத்துப் போனேன்.

வெர்னா கதவைத் திறந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.