சார்ஜர் வரிசையில் சொன்ன பொய்

ஓமலூரை நெருங்கியபோது குணசீலனின் காரில் சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அன்று மாலை எருமப்பட்டியில் அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் அவன் செய்ய வேண்டியது. "கரண்ட் வண்டிய நம்பிக் கெளம்பாதடா" என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

சாலையோர ஓட்டலில் இரண்டு சார்ஜர்கள் இருப்பதாக ஆப் காட்டியது. போய்ப் பார்த்தால் ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. மற்றதில் வேறொரு கார். அதன் சொந்தக்காரர் வெங்கடாசலம், மனைவி அங்காளம்மாளோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓசூரிலிருந்து ஜலகண்டாபுரம் திரும்புகிறவர்கள்.

"இப்பத்தான் மாட்டுனமுங்க. ஒரு மணி நேரம் ஆகும்" என்றார்.

குணசீலன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "ஊட்டுக்காரிக்கு நெஞ்சு படபடன்னு வருதுங்க. ஆஸ்பத்திரி போகோணும்."

பெரியவர் மறுபேச்சில்லாமல் தன் காரின் ஒயரைக் கழற்றினார். குணசீலன் காருக்கு ஓடி, "கண்ண மூடிச் சாஞ்சுக்க" என்று உள்ளே இருந்த மனைவி மைதிலியிடம் சொல்வதற்குள் அங்காளம்மாள் வந்துவிட்டாள்.

சார்ஜ் ஏறும்வரை அவள் மைதிலியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மைதிலியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பயப்படாத கண்ணு" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். கிளம்பும்போது மைதிலியின் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக எருமப்பட்டி மண்டபத்துக்குப் போனார்கள். சீர் நேரத்துக்கு நடந்தது. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மைதிலியின் போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு கண்ணு? நீங்க போனதும் அங்க கரண்ட் போயிருச்சு. எங்க வண்டி தாரமங்கலத்துக்கிட்ட நின்னுபோச்சு. இப்பத்தான் லாரில ஏத்திட்டு வந்தோம். அதான் உடனே கேக்க முடியல."

பக்கத்து இலைகளில் பேச்சு நின்றது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள் மைதிலி. "சடங்குக்கு நேரமாச்சுன்னு அவரு பொய் சொல்லிட்டாருங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."

"சரி கண்ணு" என்றாள் அங்காளம்மாள். போனை வைத்துவிட்டாள்.

குணசீலன் இலையை மூடிவிட்டு எழுந்தான். மைதிலியின் போனை வாங்கிக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே நின்று அதே எண்ணை அழைத்தான். வெங்கடாசலம் எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க, பெரியவரே."

"சடங்குன்னு சொல்லியிருந்தாலே குடுத்திருப்பேனுங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

உள்ளே, போட்டோவுக்குத் தாய்மாமனைக் காணோம் என்று அக்கா தேடிக்கொண்டிருந்தாள்.