யாரும் தொடாத ஈரல்

“இந்த டயர் பஞ்சரே ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?” என்று லாரிக்காரர் ஒருவர் கேட்க, கடைக்கார ஹெர்மன் வயிறு குலுங்கச் சிரித்தார். “ரோட்டுல எங்க ஆணி கெடக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? எவனாவது எழுதிக் குடுத்தான்னா அவன்கிட்ட டயரே வாங்காதீங்க. ஏதோ கோல்மால் பண்றான்னு அர்த்தம்.” பொலக்வானே நகரத்தில் காலங்காலமாக டயர் விற்கிறவர் அவர். அனுபவம் பேசியது. லாரிக்காரரும் தலையாட்டிவிட்டு டயரை மாட்டிக்கொண்டு போனார்.

இப்படிப் பேசிய மனிதர் அன்று சாயங்காலமே என்ன செய்தார் என்பதுதான் கதை.

குளிர்காலம் பிறந்திருந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது வேட்டைக்காலம். ஏதாவது ஒரு வேட்டைப் பண்ணையில் நாலு நாள் தங்கி, மானைச் சுட்டு, வருஷம் முழுக்கக் கடிக்க உப்புக்கண்டம் போட்டுக்கொண்டு வந்தால்தான் ஆம்பிளைகளுக்கு நிம்மதி. ஆனால் இந்த வருஷம் எந்தப் பண்ணையைப் பிடிப்பது என்ற யோசனையில் ஹெர்மனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், மாப்பிள்ளை ஸ்டெஃபான்.

ஸ்டெஃபான் பிரிட்டோரியாவில் கணக்கு வாத்தியார். தங்கமான பையன், ஹெர்மனின் மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். என்ன பிரயோஜனம்? போன வருஷம் ஃப்ரீடா அத்தையின் பண்ணையில் நடையாய் நடந்து, ஒரு குண்டுகூடச் சுடாமல் வெறுங்கையோடு திரும்பினான். குடும்பம் கூடிக் கறி சுட்டுத் தின்னும் அன்று, ஹெர்மனின் தம்பிகள் அவன் தட்டில் மட்டும் பச்சைக் கீரையை வைத்து நீட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே அதைத் தின்றான். மாமனாருக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த வருஷமும் முதலில் ஃப்ரீடா அத்தைக்குத்தான் ஃபோன் போட்டார். மாப்பிள்ளைக்குப் பெரிய முறுக்குக் கொம்பு வைத்த குடூ மான் ஒன்று நிச்சயமாகக் கிடைக்குமா என்று கேட்டார். அந்த அம்மாள் எதையும் எடுத்தெறிந்து பேசுகிறவள். “குடூ என்ன எங்க வீட்டு நாயா, கூப்பிட்டா வர்றதுக்கு? வா, நட. கண்ணுல பட்டா சுடு. இல்லேன்னா சூப்பைக் குடிச்சிட்டுப் படு.” அவளுடைய விடுதியும் அவளைப் போலத்தான். புல் வேய்ந்த நாலு அறை, விறகடுப்பில் வெந்நீர், அவ்வளவுதான்.

வெசல்ஸ் என்பவரின் பண்ணை எல்லைப் பக்கம், புதுசு. விளம்பரப் படங்களில் நீச்சல் குளமும் பஞ்சு மெத்தையும் சுவர் நிறையக் கொம்புகளும் ஜொலித்தன. வெசல்ஸ் ஃபோனில் தேனாய்ப் பேசினார். ரெண்டாவது நாளே குடூ விழும், விழாவிட்டால் ஒரு காசு தர வேண்டாம் என்றார். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று ஹெர்மன் கேட்கவில்லை. காலையில் லாரிக்காரரிடம் சொன்னது அவருக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அங்கேயே இடம் போட்டுவிட்டார்.

மாமனாரும் மாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்ததிலிருந்தே அந்தப் பண்ணை ஒரு மாதிரியாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி. உள்ளே வெகுதூரம் வண்டியில் போயும் வழியில் ஒரு குளம்படி இல்லை, ஒரு புழுக்கை இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மண் மிதிபடாமல் கிடந்தது. காற்றில் தடம் அழிந்திருக்கும் என்று ஹெர்மன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வேலியோரம், லாரி பின்பக்கமாக வந்து அணைகிற மாதிரி ஒரு மண்மேடு இருந்தது. அதன் முன்னால் டயர் தடம். டயர் தடம் அவர் கண்ணுக்குத் தப்புமா? கனத்த லாரி, நேற்றோ இன்றோதான் வந்து போயிருக்கிறது. பக்கத்திலேயே சாண் நீளத்துக்குக் கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. லாரியில் ஏற்றும்போது மான்கள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளாதபடி கொம்பில் மாட்டுகிற குழாய் அது. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹெர்மன் அதைக் காலால் புதருக்குள் தள்ளினார். மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை.

மறுநாள் வெசல்ஸையும் கூட்டிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பினார்கள். பண்ணையில் தடம் பார்க்கும் முலாலோ முன்னால் நடந்தார். தடம் பார்க்கிறவர் தரையைப் பார்க்க வேண்டாமா? ஒரு தடவைகூட அவர் குனியவில்லை. தெருமுனைக் கடைக்குப் போகிறவர் போல நேராக நடந்துகொண்டே இருந்தார். ஒரு திருப்பத்தில் நின்று கையை மட்டும் நீட்டினார்.

வெட்டவெளியில், சுள்ளென்ற வெயிலில், குடூ நின்றது. முள்மரத்துக்குள் சாம்பலோடு சாம்பலாய் மறைந்து நிற்கிற பிராணி அது. சுள்ளி ஒடிந்தால் போதும், மாயமாய்ப் போய்விடும். இதுவோ அசையவில்லை. காது இரண்டும் தொங்கின. வாயோரம் எச்சில் வழிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் இவர்களைப் பார்க்கவில்லை.

“மாமா, அது ஏன் ஓட மாட்டேங்குது?” என்று ஸ்டெஃபான் கிசுகிசுத்தான்.

“உன் அதிர்ஷ்டம் மாப்ள. சுடு.”

“ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு மாமா.”

“இங்கயும் வந்து கணக்குப் போடாத. சுடு.”

அவன் சுட்டான். மான் துள்ளவில்லை, திமிறவில்லை. அப்படியே முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து சாய்ந்தது. வெசல்ஸ் கைதட்டினார். ஹெர்மனுக்கு வாயெல்லாம் பல்.

தோலுரிக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஈரல், குடல், தலை எல்லாம் பண்ணை ஆட்களுக்கு. எந்தப் பண்ணையானாலும் வயிற்றைக் கிழிக்கும்போது வாளியும் சட்டியுமாக ஆட்கள் கூடிவிடுவார்கள். எனக்கு உனக்கு என்று ஒரே அமளியாக இருக்கும். அன்று அந்தக் கொட்டகைக்கு ஒருத்தரும் வரவில்லை. சமையல்காரி வாசல்வரை வந்தாள், எட்டிப் பார்த்தாள், வெறுங்கையோடு திரும்பிப் போனாள். இங்கே சம்பளம் ஜாஸ்தி போல, அதான் கொழுப்பு என்று ஹெர்மன் நினைத்துக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் மானைச் சுட்டவன் நெற்றியில் அதன் ரத்தத்தைப் பூசி, ஈரலில் ஒரு துண்டைப் பச்சையாகத் தின்னக் கொடுப்பார்கள். ஹெர்மன் ரத்தத்தைப் பூசினார். ஈரலை அறுத்து நீட்டினார். தம்பிகளுக்கு அனுப்ப வெசல்ஸிடம் ஃபோனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார்.

“லேசா சுட்டுக் குடுங்க மாமா, சாப்பிடறேன்” என்றான் ஸ்டெஃபான். அவன் முகம் வெளிறியிருந்தது.

முலாலோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வெசல்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார். முலாலோ வாயை மூடிக்கொண்டு கத்தியைத் துடைத்தார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

“அன்னிக்குக் கீரை தின்னியே, அதை மறந்துட்டியா? வாயைத் தொற” என்றார் ஹெர்மன். ஒன்றுக்கு ரெண்டு துண்டாகத் தன் கையாலேயே ஊட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டில் சோளக்களியை அள்ளிய ஸ்டெஃபானின் கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. பேச்சு குழறியது. வெயில் என்று வெசல்ஸ் சொன்னார். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்றார். சோபாவில் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் அவன் உதடு நீலம் பாய்ந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. பாதி மூடிய கண் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை ஹெர்மன் காலையிலேயே பார்த்திருந்தார். மான் அப்படித்தான் பார்த்தது.

மகளின் முகம் அவர் மனதில் வந்தது. புதருக்குள் தள்ளிய குழாய், குனியாத முலாலோ, யாரும் வராத கொட்டகை எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. மானுக்கு என்ன மயக்க ஊசி போட்டாய், பேரைச் சொல், டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று வெசல்ஸின் சட்டையைப் பிடித்தார். ஊசியா, எங்கள் பண்ணையிலா, என்ன அபாண்டம் என்றார் வெசல்ஸ். சத்தியம்கூடச் செய்தார்.

ஹெர்மன் சட்டையை விட்டார். விறுவிறுவென்று கொட்டகைக்குப் போய், மிச்ச ஈரலைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வெசல்ஸின் முன்னால் வைத்தார்.

“ஒரே ஒரு துண்டு தின்னு. நான் நம்பறேன்.”

வெசல்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. தட்டைப் பார்த்தார், சோபாவில் கிடந்தவனைப் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து அவர் கை மேலே வரவே இல்லை.

வாசலில் நின்ற முலாலோ உள்ளே வந்தார். முதலாளியின் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்து ஹெர்மன் கையில் வைத்தார். “நேத்து லாரியில வரும்போது ஒரு ஊசி. காலையில வேலியை முட்டுச்சுன்னு இன்னொண்ணு. அப்பவே சொல்லியிருக்கணும். நானும் பாவிதாங்கய்யா” என்றார். அப்புறம் அவரே வண்டியை ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வெகுதூரம். பாதி வழி மண்சாலை. பின்சீட்டில் மாப்பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சு நிற்கும்போதெல்லாம் ஹெர்மன் கன்னத்தில் அறைந்தார். “மூச்சு விடுடா மாப்ள. கீரையே தின்னுடா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூச்சு விடு.” அழுதுகொண்டே வந்தார். அவன் நெற்றியில் பூசிய ரத்தம் காய்ந்து அவர் விரலில் உதிர்ந்தது.

புட்டியைப் பார்த்ததும் டாக்டரம்மா ஓடினார். மாற்று மருந்து ஏறியது. மருந்தின் பேர் தெரியாமல் வந்திருந்தால் நான் எதையும் செய்திருக்க முடியாது என்று பிறகு சொன்னார். பிழைப்பான், ஆனால் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்றார். இதை இவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்டார். போலீசுக்கு எழுத வேண்டுமாம். வெசல்ஸ் பேரை எழுதுங்க, கீழே என் பேரையும் எழுதுங்க என்றார் ஹெர்மன்.

அப்போது அவர் ஃபோன் அடித்தது. தம்பி. ஈரல் தின்னும் படம் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். “அண்ணே, வாத்தியார் ஜெயிச்சுட்டாருபோல. அது எந்தப் பண்ணை? எங்களுக்கும் ஒரு இடம் போடு. மான் கண்டிப்பா கெடைக்கும்ல?”

ஹெர்மன் கட்டிலைப் பார்த்தார். ஸ்டெஃபானின் மார்பு மெல்ல ஏறி இறங்கியது.

“காட்டுல எதுவும் கண்டிப்பா கெடைக்காதுடா” என்றார். “கண்டிப்பா கெடைக்கும்னு ஒருத்தன் சொன்னா அங்க காடே இல்லன்னு அர்த்தம், ஏமாத்துதான் இருக்கு. அந்த ஏமாத்தைக் காசு குடுத்துக் கேட்டு வாங்கினவன் நான். வெறுங்கையோட வந்த புள்ளையப் பார்த்து நாம சிரிச்சோம்ல, அதுக்குத்தான் வாங்கினேன். இனிமே எவனாவது வேட்டையிலேர்ந்து வெறுங்கையோட வந்தா, எழுந்து நின்னு அவன் கையைப் புடிச்சுக் குலுக்குங்கடா. அவன்தான் நெசமா காட்டுக்குப் போயிட்டு வந்தவன்.”