பின்னணிப் படம்

கொடியில் காயும் துணிகளை மறைக்கத்தான் செண்பகவல்லி வீடியோ மீட்டிங்கில் பின்னணிப் படம் போட்டாள். வெள்ளைச் சுவர், தொட்டியில் ஒரு செடி. மீட்டிங் முடிந்து திரும்பினால் வீட்டிலும் அதுதான் இருந்தது. கொடி இல்லை. துணி இல்லை. துணிக்குக் கீழே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த மகள் கயலும் இல்லை.

மேனேஜர் தயாபரனிடம் சொன்னாள்.

"நீட்டாத்தானேம்மா இருக்கு?" என்றார்.

"சார், என் பொண்ணு உள்ள மாட்டிக்கிச்சு."

"மியூட்ல இருக்கீங்க."

அவள் மியூட்டில் இல்லை. பாவி மனுஷன்!

பின்னணிப் படத்தை நீக்கிப் பார்த்தாள். சுவர் அப்படியே நின்றது. ஆனால் மீட்டிங்கில் சட்டென்று அசைந்தால் தோளோரம் படம் பிசிறடிக்கும், எல்லாருக்கும் அடிப்பதுதான். அந்தப் பிசிறில் கயலின் முகம் தெரிந்தது. பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். செண்பகவல்லி இட்லித் தட்டைத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள். தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் அவள் ஒரு மீட்டிங்கையும் விடவில்லை. தனக்குச் சம்பந்தமே இல்லாத மீட்டிங்கிலும் போய் உட்கார்ந்தாள். காய்ச்சலிலும் லீவு போடவில்லை. கம்பெனி அவளுக்கு விருது கொடுத்தது.

"வீட்டிலேர்ந்து வேலை பார்க்கிறதை ஏன் விடவே மாட்டேங்கறீங்க? சர்வேக்கு வேணும்," என்றார் தயாபரன்.

"என் பொண்ணு உள்ள இருக்கா."

"வசதியா இருக்குன்னு போட்டுக்கறேன்."

வசதியாம், வசதி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்புறம் ஒரு குட் நியூஸ். இந்த மீட்டிங் முடிஞ்சதும் புது வெர்ஷன். ஓரத்துல பிசிறே இருக்காது."

செண்பகவல்லி எழுந்தாள். தலையை உலுக்கினாள். தோளைக் குலுக்கினாள். சாமி வந்தவளைப் போல் ஆடினாள். சுவர் கிழிந்து கிழிந்து மூடியது. திரையில் பக்கத்துக் கட்டத்தில் இருந்த சக ஊழியன் ஹென்றியும் ஆட ஆரம்பித்தான். அவன் தோளோரம் ஒரு வயதான கால் தெரிந்தது. பிறகு எல்லாக் கட்டங்களும் ஆடின.

"நெட் சரியில்ல போல," என்றார் தயாபரன்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் ரவிக்கையைப் பற்றியது. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தாள். முழங்கைவரை வந்தது.

"சார், மீட்டிங்கை முடிச்சிடாதீங்க."

"டைம் ஆச்சும்மா. எல்லாருக்கும் தேங்க்ஸ்."

செண்பகவல்லி பிடியை விடவில்லை.

"முடிச்சுத்தான் பாருய்யா," என்றாள்.