உதடு சேராத எழுத்து

மைக்கும் பைக்கும் உதட்டில் வேற்றுமை இல்லை. இரண்டும் மேலிதழும் கீழிதழும் ஒட்டிப் பிரிகையில் பிறப்பவை. மூச்சு மூக்கின் வழியே போயிற்றா, வாயின் வழியே போயிற்றா என்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. காது கேட்கிறவர்களுக்கு இது ஒரு செய்தியே அன்று. சலவையகத்தின் முகப்பு மேசையில் பதினான்கு ஆண்டுகளாக நின்றுவரும் அக்காவுக்கோ, பிழைப்பையே ஆட்டங்காண வைத்த செய்தி.

அவளை எல்லாரும் அக்கா என்றே அழைத்தார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். பத்தொன்பதாம் வயதில் வந்த ஒரு காய்ச்சல் காதைக் கொண்டுபோயிற்று, நாக்கை விட்டுவைத்தது. ஆகையால் அவள் பேசுவாள், சற்று உரக்கவே பேசுவாள். பிறர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வாள். முப்பத்து மூன்று ஆண்டுப் பழக்கத்தில் அது அவளுக்குச் செய்தித்தாள் படிப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவன் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் பாதி திருப்பியவாறு, சட்டையின் மார்புப் பையைத் தொட்டு, "மை இருக்கு, பாருங்க" என்றான். அக்கா படித்துக்கொண்டது, பை இருக்கிறது, பாருங்கள் என்று. பார்த்தாள். பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். காகிதமோ சாவியோ அகப்படவில்லை. தலையை அசைத்துவிட்டு, சீட்டில் கறை என்று அச்சிட்ட கட்டத்தை வெறுமையாக விட்டாள். பேனா கசிந்து பையின் அடித் தையலில் காய்ந்து கிடந்த மை, வெந்நீரைக் கண்டதும் விழித்துக்கொண்டது. சட்டையின் மார்பெல்லாம் நீலம் பூத்தது.

மறுநாள் அவன் வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். பேசுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியது குற்றம் ஆகவில்லை. பார்த்தவளின் பார்வைதான் குற்றமாயிற்று. நியாயம் எப்போதும் குரல் பெரிதாக இருக்கும் பக்கமே சாய்கிறது.

முதலாளியம்மா பொல்லாதவள் அல்லள். அக்காவை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். இனிமேல் உள்ளறையில் மடிக்கிற வேலைக்குப் போய்விடலாமே, நின்று நின்று கால் வலிக்கிறது என்று நீங்களே சொல்வீர்களே, யோசித்துத் திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் உள்ளறையை அக்கா அறிவாள். அங்கே நீராவிப் புகை நடுவே நால்வர் குனிந்த தலை நிமிராமல் தேய்ப்பார்கள். ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்பார்கள். அங்கே முகங்கள் இல்லை. முகம் இல்லாத இடத்தில் அவளுக்கு மொழியும் இல்லை.

இந்தப் பாரத்தை அவள் வீட்டில் இறக்கி வைக்கவில்லை. சனிக்கிழமை மாலை தம்பி மடிக்கணினியுடன் அவள் அறைக்கு வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

அயல்நாட்டு நாடகங்களில் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை, ஊரார் சப்டைட்டில் என்று சொல்பவற்றை, எழுதுவது தம்பியின் தொழில். எதை எழுதினாலும் முதலில் அக்காவுக்குக் காட்டுவான். காதைத் துணைக்கு அழைக்க முடியாத அவள் படித்து முடிக்கிற வரியை எவரும் படித்து முடிப்பர் என்பது அவன் நம்பிக்கை.

அன்று அவன் கொண்டுவந்தது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் கொரிய நாடகம். அதில் நடித்திருந்தவர் பெரியவர். அக்கா அவரை அப்படித்தான் சொல்வாள். இருபது ஆண்டுகளாக அவரைப் பார்த்துவருகிறாள்: அரசவையில் சதி செய்யும் அமைச்சராக, ஆட்களை விரட்டும் ஆலை முதலாளியாக, செருப்புத் தைப்பவராக, ஒரே ஒரு காட்சியில் வந்து வழி சொல்லிவிட்டுப் போகும் கிழவராக. தம்பி மனைவிக்கு இது தீராத வேடிக்கை. "அக்கா, உங்க ஆளு வந்துட்டாரு, பவுடர் போட்டுக்கிட்டு உக்காருங்க" என்று கதவருகில் நின்று வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். அவருக்கு எண்பது வயது, உன் வீட்டுக்காரனைவிட அவரே இளமையாகத் தெரிகிறார் என்று அக்காவும் விடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

மற்ற நடிகர்களின் முகங்கள் அக்காவைக் களைப்படையச் செய்யும். காது கேளாதவளுக்கும் கத்துவது தெரியும். புருவம் கத்தும், கழுத்து நரம்பு கத்தும். பெரியவர் முகம் கத்தாது. குளத்தின்மேல் மேக நிழல் கடப்பதுபோல ஏதோ ஒன்று அதன்மேல் கடக்கும். கடந்து போன பிறகே அது துயரம் என்று தெரியும்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர் தனியே வாழ்கிறார். சமைக்கிறார், துவைக்கிறார், உலர்த்துகிறார், மடிக்கிறார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் சண்டையிட்டுப் போன மகள் கடைசிக் காட்சியில் பெட்டியோடு வாயிற்கதவருகே வந்து நிற்கிறாள். அப்போது அவர் கொடியிலிருந்து படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்தார். பிறகு விரிப்பைப் பார்த்தார். மடிக்கத் தொடங்கினார். அக்காவின் கண் அவர் விரல்களுக்குத் தாவியது. முனையோடு முனை சேரவில்லை. அதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடக் கோணாமல் மடித்த மனிதர், ஒரு முனையை விரிப்பின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தார், பிரித்தார், மறுபடியும் அதே தவற்றைச் செய்தார். மகள் வந்துவிட்டாள் என்பதைக் கண் ஒப்புக்கொள்ளுமுன் கை ஒப்புக்கொண்டுவிட்டது. காற்றில் விரிப்பு உப்பித் தணிந்தது. அதன் வழியே வடிந்த வெயில் அவர் கன்னத்தில் பால்போல் படிந்தது. இந்த மனிதர் இப்போது என்ன சொல்வார்? எதைச் சொன்னாலும் பதினேழு ஆண்டு அதற்குள் அடங்குமா?

பெரியவர் வாயே திறக்கவில்லை. திரையின் அடியில் வரி குதித்தது: 'அன்பு மகளே, பழையனவற்றை எல்லாம் மறந்துவிட்டு உள்ளே வருவாயாக.'

வரி வந்து எட்டு நொடி கழித்து, பெரியவர் விரிப்பின் இரு முனைகளை மகளை நோக்கி நீட்டினார். இதழ் ஒரு முறை அசைந்தது. காட்சி முடிந்தது.

"நிறுத்துடா," என்றாள் அக்கா. "அவரு இன்னும் வாயே திறக்கல. நீ எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிற?"

தம்பி பொறுமையாக விளக்கினான். அவர் பேசி முடித்த மறுநொடியே காட்சி வெட்டுப்பட்டுவிடுகிறது. இவ்வளவு நீளமான வரியைப் படிக்க ஆறேழு நொடியாவது வேண்டும். ஆகவே முன்னதாகப் போட்டே ஆக வேண்டும். அவ்வளவு நீளமாக ஏன் எழுதினாய் என்று அவள் கேட்டதற்குச் சிறிது தயங்கினான். அவனுக்குக் கொரிய மொழி தெரியாது. கைக்கு வந்தது ஆங்கிலப் படி. உள்ளே வரும்படி அழைக்கிறார் என்ற அளவே அதில் இருந்தது. கடைசிக் காட்சிக்கு அது போதாது என்று அழைப்போடு மன்னிப்பைச் சேர்த்தான், மன்னிப்போடு அன்பைச் சேர்த்தான், எல்லாவற்றையும் உருட்டிப் பெரியவர் வாயில் திணித்துவிட்டான். ஒரு கலைஞர் வாழ்நாள் முழுவதும் பழகிச் சேர்த்த மௌனத்தை ஒரு வியங்கோள் வினைமுற்று எட்டு நொடி முன்னதாக வந்து கெடுப்பதற்கு எந்த இலக்கணமும் இடங்கொடுக்காது.

"அவரு இத்தனையும் சொல்லல," என்றாள் அக்கா. "'வா'ன்னு மட்டும்தான் சொன்னாரு. நான் பார்த்தேன்."

தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, அவரு கொரியாக்காரரு. உனக்காகத் தமிழ் கத்துக்கிட்டா வந்து நடிச்சாரு?"

தம்பி மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயையும் அக்காவால் படிக்க முடிந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. எனினும் சட்டைக்காரன் போட்ட கூச்சலைவிட அந்தச் சிரிப்பு ஆழமாக இறங்கியது. மை இருந்த இடத்தில் பையைப் பார்த்தாள். இப்போது கொரியாக்காரர் வாயில் தமிழைப் பார்க்கிறாள். கண் தன் விருப்பம்போல் படிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? முதலில் காது போயிற்று, இனி இதுவும். உள்ளறைக்கே போகிறேன் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியும் மனைவியும் ஓர் உறவினரைப் பார்க்கப் போனார்கள். மடிக்கணினி அக்காவின் கட்டிலிலேயே கிடந்தது. அவள் அதைத் திறந்தாள். திரையின் அடியில் வரிகள் தெரியாதவாறு ஒரு கைத்துண்டை நான்காய் மடித்துச் சார்த்திவைத்தாள். கடைசிக் காட்சியை மட்டும் ஓடவிட்டாள். முடிந்ததும் மீண்டும் ஓடவிட்டாள்.

வரி மறைந்ததும் நாடகமே வேறாயிற்று. அந்த எட்டு நொடி எட்டு நாழிகைபோல் விரிந்தது. பெரியவர் செருப்பைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், தவறாக மடித்தார். மீண்டும் பார்த்தார், மீண்டும் மடித்தார். சன்னல் திரைச்சீலையில் வெயில் மெல்ல இடம் மாறிற்று. எத்தனையாவது முறை என்று தெரியவில்லை, அக்காவின் இமைகள் தாழ்ந்தன. வாயிற்கதவருகே மகள் நின்ற இடத்தில் அவளே நின்றாள். விரிப்பு வானத்தளவு பெரிதாய் இருந்தது. பெரியவர் இரு முனைகளை நீட்ட, இவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் பின்னே நகர்ந்து விரிப்பை இழுத்துப் பிடித்தார்கள், முன்னே வந்து முனைகளைச் சேர்த்தார்கள், விரல் விரலைத் தொட்டது, மீண்டும் விலகினார்கள். ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் விரிப்பு பாதியாயிற்று, நடுவில் இருந்த தொலைவும் பாதியாயிற்று. துணி படபடத்தது. அந்தப் படபடப்பைக் கண்டாளா கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இனி மடிக்க இடமில்லை என்றானபோது அவர் வாய் திறந்தது.

அக்கா விழித்துக்கொண்டாள். திரையில் காட்சி உறைந்து நின்றது. அவள் எழுந்து அலமாரியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து வந்தாள்.

பா என்றாள், இதழ்கள் ஒட்டின. மா என்றாள், ஒட்டின. வா என்று நிதானமாகச் சொன்னாள். மேற்பல் கீழிதழை மெல்லத் தொட்டது. காட்சியை மீண்டும் ஓடவிட்டுப் பெரியவரைப் பார்த்தாள். அவர் பல் எங்கும் தொடவில்லை. இதழ் குவிந்து மலர்ந்தது. அப்படியானால் அது வா இல்லையோ? பிறகு, வரிசையில் நிற்பவரை வழக்கமாகக் கூப்பிடும் அவசரத்தில், வா வா வா என்று மூன்று முறை சொன்னாள். கண்ணாடியில் பல் தன் கடமையை மறந்தது. இதழ் குவிந்தது, மலர்ந்தது. அவ்வளவுதான். திரையில் இருந்ததும் அதுவே. ஒரே ஒரு மலர்ச்சி. இரண்டாம் எழுத்துக்கு அங்கே இடமில்லை. உதடுகள் ஒருகாலும் சேரவில்லை.

அவர் எந்த மொழியில் சொன்னார் என்பது அவள் கவலை அன்று. தான் கண்டது அங்கே இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தது. மைக்கும் பைக்கும் இடையே காண்பதற்கு ஒன்றும் இல்லை. இல்லாததைக் காணாதது கண்ணின் குறை ஆகாது. இதை எண்ணி முடித்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. அன்றிரவு தம்பியிடம் அவள் எதையும் வாதாடவில்லை. நீ எழுதிய வரியை அழி என்றும் சொல்லவில்லை. காதைத் திறந்து ஒரு முறை கேள் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை, முகப்பு மேசையிலேயே இருக்கிறேன் என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். முதலாளியம்மா நெற்றியைச் சுருக்கினாள். "மறுபடியும் மையும் பையும் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அது யாரு கண்ணுக்கும் தெரியாதும்மா. உங்க கண்ணுக்கும் தெரியாது. கறையை விரலால தொட்டுக் காட்டச் சொல்லுவேன். சீட்டுல நான் எழுதினதைப் படிச்சுப் பாக்கச் சொல்லுவேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பேசினா, துணியையும் திருப்பிக் குடுத்துடுவேன்."

முதலாளியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் சிரித்துவிட்டாள். வாடிக்கையாளரை விரட்டியடிக்காமல் இருந்தால் சரி, ஒரு மாதம் பார்ப்போம் என்றாள். கதவருகே தொங்கவிட, முகம் பார்த்துப் பேசவும் என்று ஓர் அட்டை எழுதித் தரும்படியும் கேட்டாள்.

அக்கா அட்டையை எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி நடுங்கியது. முகம் காட்டும் அழைப்பு. தம்பி அலுவலக மேசையில் இருந்தான். காதில் மாட்டிக் கேட்கும் கருவி கழுத்தில் தொங்கியது. அவன் கண் அவளை நேராகப் பார்க்கவில்லை. ஆனால் உதட்டை மறைக்காமல், தெளிவாகப் பேசினான்.

"'வா'ன்னுதான்க்கா சொல்றாரு. கொரிய மொழி படிச்ச ஒரு பொண்ணுகிட்டயும் கேட்டேன். கொரியாக்காரங்க பேச்சுலயும் அதுக்கு அர்த்தம் 'வா'ங்கிறதுதானாம்."

அக்காவின் கை மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. தம்பி மேலும் சொன்னான். பழைய வரியை நீக்கிவிட்டானாம். மேலதிகாரிதான் மறுக்கிறாராம். கடைசிக் காட்சியில் ஓரெழுத்து மட்டும் நின்றால் மற்றது விழுங்கப்பட்டுவிட்டது என்று பார்க்கிறவர்கள் திட்டுவார்களாம். அவரோடு மல்லுக்கு நிற்கப் போகிறானாம். அதற்குமுன் ஒன்று தெரிய வேண்டும். அந்த ஓரெழுத்து எத்தனை நொடி நிற்க வேண்டும்?

"நொடி எல்லாம் எதுக்கு," என்றாள் அக்கா. "அவரு உதடு பிரியறப்ப வரட்டும். மூடறப்ப போகட்டும். அதுக்கு முன்னாடி இருக்கிறது அவரோடது. அதுல நீ கை வைக்காதே."

அவன் தலையசைத்துக் குறித்துக்கொண்டான். பிறகு, உதடு எப்படிப் பிரிகிறது என்று ஒரு முறை செய்து காட்டச் சொன்னான். அக்கா கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, இதழைக் குவித்து, வழக்கமான உரத்த குரலில் "வா" என்றாள்.

வாயிலில் துணிமூட்டையோடு உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றிருந்த ஒரு பெண், தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணி மேசையை நோக்கி வந்தாள். அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.