ஹெக்டருக்கு நான்தான் காது

"மேபல், இண்டைக்கும் இது கனெக்ட் ஆகுதில்ல" என்று ஹெக்டர் முன்னறையிலிருந்து சொன்னபோது நான் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். "ஐயோ, நேத்தும் இப்படித்தானே" என்றேன். குரலில் நல்ல கவலையும் காட்டினேன். என் ஹவுஸ்கோட் பைக்குள் போன் கிடந்தது. அதில் புளூடூத்தை ஐந்து நிமிடத்துக்கு முன்னர் போட்டுவிட்டவள் நான்தான்.

அவருடைய காதுக் கருவிகளுக்கு எங்கள் வீட்டில் இரண்டு இடம் பழக்கம். ஒன்று லப்டொப், மற்றது வீட்டில் இருக்கிற ஒரே போன். கிளினிக்கில் கருவி பொருத்தியபோது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவென்று போனோடும் சேர்த்துத் தந்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் அவை சேரும். போன் முந்திக்கொண்டால் லப்டொப் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பிறகு வேண்டுமென்றே செய்தேன். ஐந்து நாளாகச் செய்கிறேன்.

ஏன் என்றால், பொறாமை. வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்கு வராது. அறுபத்து நாலு வயதில், கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு, கட்டின புருஷனின் சொந்தத் தங்கச்சி மேல் பொறாமை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஹெக்டர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். முதலில் இடது, பிறகு வலது. கடைசி நாலு வருடமாக உலகத்தில் யார் என்ன சொன்னாலும் அது என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போனது. மீன்காரன் சொன்ன விலை, டொக்டர் சொன்ன மருந்து, ஃபாதர் சொன்ன பிரசங்கம், எல்லாம். வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, நீளமானதைச் சுருக்கி, வேண்டாததை வெட்டிச் சொல்வேன். சனங்களும் அவரைப் பார்த்துக் கதைப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே கதைத்தார்கள். பாவசங்கீர்த்தனம் ஒன்றுக்குத்தான் என்னால் கூடப் போக முடியவில்லை. "உன்னையும் பக்கத்தில வச்சுக்கொண்டு நான் என்ன பாவத்தச் சொல்ல" என்பார். நாலு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

அலுப்பாக இருந்ததா என்றால், இருந்தது. தொண்டை கட்டிப்போகும். ஆனால் யாராவது வாயைத் திறந்த உடனே அவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாரே, அதற்கு நான் பழகிப்போனேன். கலியாணம் முடித்த புதிதில்கூட இந்த மனுஷன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகுதான் அவருடைய தங்கச்சி ஐறீன் அந்தக் கருவிகளை அனுப்பினாள். மெல்பேர்னிலிருந்து கிறிஸ்மஸுக்கு வந்த ஒருவர் கையில், பஞ்சு சுற்றிய சின்னப் பெட்டியில் வந்தன. என் மச்சாள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அங்கே இருந்துகொண்டே இங்கே கிளினிக்கில் நேரமும் எடுத்துவைத்திருந்தாள். நான் செய்தது போய்க் கூட்டிக்கொண்டு வந்தது மட்டும்தான்.

அவள் தினமும் காலை பத்து மணிக்கு லப்டொப்பில் எடுப்பாள். அங்கே அப்போது பின்னேரம். முந்தியெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் அவருக்குச் சொல்வேன். கருவி கனெக்ட் ஆன முதல் நாள், திரையில் ஐறீனின் வாய் அசைகிறது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் நேரே அவர் காதுக்குள் போகிறது. "ஆ, அவனா? சும்மா சொல்லாத" என்று சொல்லி ஹெக்டர் சிரிக்கிறார். வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "என்னவாம்?" என்று கேட்டேன். கையைக் காட்டிப் பொறு என்றார். ஒன்றரை மணித்தியாலம் பொறுத்தேன். கடைசியில், "ஒண்டுமில்ல, பழைய கதை" என்று மூடிவிட்டார். நாலு வருடம் தொண்டை கிழியக் கத்தினவள் நான், பழைய கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறவள் அவளா? அந்தச் சனிக்கிழமை தனியே கோயிலுக்குப் போய் நாலு வருடப் பாவத்தையும் சொல்லிவிட்டு முகம் கழுவினதுபோல் வந்தார். எனக்கு ஃபாதர் மேலும் எரிச்சல் வந்தது.

எரிச்சல் மட்டும் என்றால் நான் போனைத் தொட்டிருக்கமாட்டேன். பயமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஜூன் மாதம். ஐறீனின் புருஷன் ரொனி மோசம் போய், அடக்கம் முடிந்து ஆறு மாதம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு அவள் திரையில் அழுதாள். "அண்ணி, இந்த வீட்டுக்குள்ள தனிய இருக்க ஏலாம இருக்கு. அண்ணாவ ஒரு மூண்டு மாசத்துக்கு அனுப்புங்க. டிக்கெட் எல்லாம் நான் பாத்துக்கொள்றேன். அவரிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணாவ என்றாள். நீங்களும் வாங்க என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஹெக்டர் வழக்கம்போலத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் காதுக்குள் கத்துவது தன் தலையை இடிக்கிறது என்று ஐறீன் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் அவருக்குச் சொல்லும்போது மைக்கை ஓஃப் பண்ணிவிடுவது வழக்கம். அன்றும் ஓஃப் பண்ணினேன். காதுக்குக் குனிந்தேன். "மழை வருது. இண்டைக்கு மீன் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஐறீன் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். மைக்கைப் போட்டு, "அவருக்கு ஏலாதாம் ஐறீன், அவ்வளவு தூரம் உடம்புக்குச் சரிவராதாம்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணி" என்றாள். பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. மாதாவே, நான் அன்றிரவு செபமாலையும் சொன்னேன்.

இப்போது அவள் குரல் நேரே அவர் காதுக்குள் போகிறது. ஏன் அண்ணா அண்டைக்கு வரமாட்டேன் எண்டீங்க என்று என்றைக்காவது ஒரு வார்த்தை கேட்டால் போதும். நாலு வருடமாக அந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை இனி அவர் எப்படிப் பார்ப்பார்?

அதனால்தான் போனும் பையும். கருவி போனில் ஒட்டிக்கொள்ளும், லப்டொப் ஸ்பீக்கரில் கதைக்கும். அந்த ஸ்பீக்கர் கரகரவென்றுதான் கதைக்கும், கருவி போட்டிருந்தும் அவருக்குப் பாதிச் சொல் விளங்காது. திரும்பவும் என் முகத்தைப் பார்த்தார். அந்த ஐந்து நாளும் நான் சந்தோசமாக இருந்தேன், பொய் சொல்லக்கூடாது.

ஆறாம் நாள்தான் இது. பருப்பை அடுப்பில் வைத்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டினது. மேல்மாடி டிலக்ஷி. வீட்டிலிருந்தே கம்பனி வேலை செய்கிற பிள்ளை, கம்ப்யூட்டர் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"நான்தான் வரச்சொன்னனான்" என்றார் ஹெக்டர். என்னிடம் ஒரு சொல் கேட்காமல் அவர் ஓர் ஆளைக் கூப்பிட்டதே எனக்குப் புதினமாக இருந்தது.

டிலக்ஷி உட்கார்ந்தாள். லப்டொப்பில் புளூடூத்தை ஓஃப் பண்ணித் திரும்பப் போட்டாள். சரிவரவில்லை. கருவிகளை அவற்றின் பெட்டிக்குள் வைத்து மூடி, எடுத்து, மறுபடி அவர் காதில் மாட்டினாள். சரிவரவில்லை. பட்டியலில் இருந்த கருவியின் பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாள். கனெக்டட் என்று வந்தது. இரண்டு செக்கனில் அறுந்துபோனது. அப்பாடா.

"இது பிடிக்குது அங்கிள், ஆனா யாரோ இழுக்கிறாங்க" என்றாள் அவள். "வேற எதோடயும் இத சேத்திருக்கீங்களா?"

"போனோட."

"போன் எங்க?"

"எங்கயாவது கிடக்கும்" என்றேன் நான். "நீ தேத்தண்ணி குடிக்கிறியா மகள்?"

அவள் தேத்தண்ணியைக் கவனிக்கவில்லை. தன் போனை எடுத்து அழுத்தினாள். என் ஹவுஸ்கோட் பாடத் தொடங்கியது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். டிலக்ஷி பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, புளூடூத் ஒன்ல இருக்கு. இதுதான் பிடிச்சு வச்சிருக்கு" என்றாள்.

"கை பட்டிருக்கும்" என்றேன்.

"பரவாயில்ல, போன்ல இருந்து கருவிய எடுத்துவிடுறேன். இனி இந்தத் தொல்லை இல்ல" என்று இரண்டு தட்டுத் தட்டினாள். நல்ல பிள்ளைதான். அந்த நேரத்தில் அவளை மாடிப்படியால் உருட்டிவிட வேண்டும்போல் இருந்தது. ஹெக்டர் திரும்பினார். என் பையைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

டிலக்ஷி போனாள். பத்து அடித்தது. ஐறீன் எடுத்தாள்.

நான் வெங்காயத் தட்டோடு குசினிக் கதவடியில் நின்றேன். எனக்குக் கேட்டது அவருடைய பாதிதான்.

"ஓம் ஓம், இப்ப நல்லாக் கேக்குது. போன் பிடிச்சு வச்சிருந்திருக்கு." பிறகு காலநிலை. பிறகு யாரோ ஒருவரின் கலியாணம். பிறகு ஐறீனின் வாய் நெடுநேரம் அசைந்தது. அவள் மூக்கைத் துடைத்தாள்.

"எங்க வர?" என்றார் ஹெக்டர்.

அவள் சொன்னாள்.

"எப்ப கேட்டனீ? போன ஜூனா?"

ஐறீன் ஏதோ சொல்லி, அன்றைக்கு அவர் செய்ததுபோலத் தலையை ஆட்டிக் காட்டினாள். அவர் திரும்பப்போகிறார் என்று நினைத்தேன். நாலு வருடத்தில் முதல் தரம், இந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் திரும்பவில்லை. அவருடைய முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தைத் தடவினார். திரையில் ஐறீன் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றார். "மேபல் சொன்னவ. சொல்லாம இருப்பாவா. நான்தான் ஏலாதெண்டு தலையாட்டினனான். அப்ப எனக்கு மனசு சரியில்ல, ஐறீன். நீ குறை நினைக்காத."

சனிக்கிழமைதான் பாவசங்கீர்த்தனம் செய்த மனுஷன். எனக்காகப் பச்சைப் பொய் சொன்னார். சந்தோசப்பட வேண்டியவள் நான். ஆனால் சுவரில் தலையை இடிக்க வேண்டும்போல் வெட்கமாக இருந்தது. அதற்கு மேலேயும், இந்த வயிற்றெரிச்சலுக்கு வெட்கம் கிடையாது, அவர் அவளோடு கதைத்த அந்தக் குரலின் மென்மையைக் கவனித்தேன். அப்படி என்னோடு எப்போது கதைத்தார் என்று யோசித்தேன். கதைத்தாலும் நான் கத்தித்தானே பதில் சொல்லியிருப்பேன்.

"இப்ப வந்தாச் சரியா?" என்று அவர் கேட்டார். ஐறீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "பெப்ரவரிக் கடைசியில வாறன். மூண்டு மாசம்தானே. அழாத."

கதைத்து முடித்து லப்டொப்பை மூடிவிட்டுக் குசினிக்கு வந்தார். தானே கோப்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு என்னட்ட என்ன கேட்டனீ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மீன் வாங்கப் போறீங்களா எண்டு."

"நான் இல்லையெண்டனா?"

"ஓம். மழை."

தண்ணீரைக் குடித்தார். "அப்ப என்ன சாப்பிட்டம்?"

"முட்டை பொரிச்சனான்."

அவர் சிரிப்பார் என்று ஒரு கணம் நம்பினேன். சிரிக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"அவகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "நான் மறைச்சதெண்டு சொல்லியிருக்கலாமே."

"அது எனக்கும் உனக்கும் உள்ளது. அவளுக்கு எதுக்கு?" என்றார். "ஒரு வருசமா அவள் தனிய இருந்திருக்கிறாள் மேபல். அண்ணன் வரமாட்டேனெண்டான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகும் எனக்கு இத வாங்கி அனுப்பியிருக்கிறாள்." காதைத் தொட்டுக் காட்டினார்.

மன்னிச்சுக்கொள்ளுங்க என்று சொல்லியிருக்கலாம். அது வரவில்லை. வந்ததெல்லாம் மூன்று மாதம், மூன்று மாதம் என்கிற எண்ணம்தான். அங்கே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சிரிப்பார். இங்கே என் முன்னால் அவர் உட்காருகிற கதிரை வெறுமையாக இருக்கும்.

அவர் செவிடாக இருந்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நினைத்ததையெல்லாம் முணுமுணுப்பேன். பேச்சு, ஏச்சு, சில நாளில் கொஞ்சலும்தான். யாருக்குக் கேட்கப்போகிறது. இப்போதும் பருப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேதான் சொன்னேன்.

"போகாதீங்க."

பின்னால் அவர் வாசலடியில் நின்றார்.

"கேட்டது, மேபல்" என்றார். "எண்டாலும் நான் போறன்."