ஏழு வருஷத்து அழுக்கு

என் நாத்தனார் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'குழாய் கழுவுறவ'. பொய் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயைக் கழுவுவதுதான் பதினோரு வருடமாக என் வேலை. எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பார்ப்பேன். நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்ப்பேன். மருந்தில் ஊறவைத்து, காயத் தொங்கவிடுவேன். குழாய் என் கைக்கு வரும்வரை அதே அறையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாத்தனார் போன வாரம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பழுப்பாக, ரப்பர் கயிறு மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. மகன் பட்டம் வாங்கிய போட்டோவைக் கூட அவர் இவ்வளவு பெருமையாகக் காட்டியதில்லை.

"என் வயித்துல இருந்து வந்ததுப்பா. ஏழு வருஷத்து அழுக்காம்! குடலைச் சுத்தம் பண்ணாம எந்த மாத்திரை போட்டாலும் வீண். பத்து நாள் இந்தப் பொடி மட்டும்தான். மத்த மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடணும். ஞாயித்துக்கிழமை வந்து நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்."

மாமனார் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மகள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாத்திரை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"பத்து நாள்தானேம்மா. எடுத்து வெச்சிடு."

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்தபோது, வண்டி வரும்வரை அந்த நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தவள் நான். அந்த டப்பாவில் இருப்பது அவருடைய உயிர்.

"அண்ணி, இருதய மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்றேன். "குடல் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். நான் தினமும் பார்க்கிறேன். பேதி மருந்தை ஒழுங்கா குடிக்காம வர்றவங்க குடல்லகூட இருக்கிறது முந்தாநாள் சாப்பிட்ட தக்காளித் தோல்தான். ஏழு வருஷத்துச் சாமான் எதுவும் இல்ல."

"பார்த்தியா! உங்க ஆஸ்பத்திரியிலயும் பேதிக்குக் கொடுக்கத்தானே செய்றீங்க?"

"கேமராவுக்குத் தெளிவா தெரியணும்னு ஒரு தடவை கொடுக்கிறோம். ஆரோக்கியத்துக்கு இல்ல."

"நீ சும்மா இரு. குழாய் கழுவுறவளுக்கு என்ன தெரியும்?"

என் கணவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காவை எதிர்த்து வாய் திறக்காத வீரர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவுகிறவளுக்குத் தெரியாமல் அழுக்கைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும்?

நாத்தனார் போனதும் அவர் வைத்துவிட்டுப் போன பொடிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: விதை உமி, களிமண். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்க் கோபம் மட்டும் மிச்சமிருந்தது.

ஞாயிறு காலை பல் துலக்கியதும் நான்கு கரண்டிப் பொடியை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, கொஞ்சமாக வெந்நீர் விட்டுக் கலக்கி மூடி வைத்தேன். பதினோரு மணிக்கு நாத்தனார் வந்தார், ஜாடியோடு. மாமனார் குளித்துவிட்டு, காலை மாத்திரையைப் போடாமல் காத்திருந்தார்.

நான் டம்ளரை எடுத்து வந்து ஒரு தட்டில் கவிழ்த்தேன். தட்டி எடுக்க வேண்டியிருந்தது. பழுப்பாக, வழவழவென்று மொத்தமாக வந்து விழுந்தது. கரண்டியால் இழுத்தேன், கயிறாக நீண்டது. தட்டை ஜாடியின் பக்கத்தில் நகர்த்தினேன். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன.

"என்ன கண்றாவி இது?" என்றார் நாத்தனார்.

"உங்க பொடிதான், அண்ணி. யார் வயித்துக்குள்ளயும் போகல. இந்த டம்ளர் போன மாசம் வாங்கினது. அதுக்குள்ள ஏழு வருஷத்து அழுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

என் கணவரின் செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"அப்பா, இவ ஏதோ கண்கட்டு வித்தை காட்டுறா..."

"வித்தைன்னா நீங்களே கலக்குங்க. இன்னொரு டம்ளர் கொண்டு வரேன். உட்கார்ந்து எல்லாரும் பார்ப்போம். மாத்திரையை மட்டும் நிறுத்த விடமாட்டேன். என்னை வீட்டை விட்டு அனுப்பினாலும் சரி, மாமா மாத்திரை போட்ட அப்புறம்தான் போவேன்."

நாத்தனார் பொட்டலத்தைத் தொடவில்லை.

மாமனார் தட்டைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். கையை நீட்டி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

"தண்ணி கொண்டா" என்றார் என்னிடம். "வெறும் தண்ணி. வேற டம்ளர்ல."