காட்டுக்கு ஏறி வந்த வீடு

மே மாச மழையில மண் சரிஞ்சு நாங்க வரிசையா குடியிருந்த லயத்து வீடுங்களையும் என் புருஷன் ஜூலியஸையும் கொண்டு போயிருச்சு. மிஞ்சின பதினோரு குடும்பமும் தேயிலைத் தோட்டத்துக்கு மேல, காட்டோரத்துல தரப்பாள் கட்டிக் கெடந்தோம். ஒரு மாசத்துல தற்காலிக வீடு வரும்னு எழுதிட்டுப் போன கவர்மெண்டு ஆளுங்க திரும்பிக்கூடப் பார்க்கல.

ஓகஸ்ட்ல ஒருநாள் காலையில, வெறகு லொறி போற ரோட்டுல பஸ் மாதிரி பெரிய வண்டியொண்ணு மொனகிக்கிட்டு ஏறி வந்து நின்னுச்சு. கதவு தொறந்ததும் பார்த்தா உள்ள கட்டில், கேஸ் அடுப்பு, கக்கூஸ்கூட இருக்கு. "வீடு வந்துருச்சு!"ன்னு கங்காணி சாள்ஸ் கத்தினாரு. நாங்களும் மடச்சிங்க மாதிரி ஓடிப்போயி, காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல நிக்கிற பழக்கத்துல, செக்ரோல் பேரேட்டு நம்பர்படி வரிசையா நின்னோம். எனக்கு முந்தின நம்பர் ஜூலியஸோடது. அந்த எடத்தை விட்டுட்டுத்தான் நின்னேன்.

அரைக் காற்சட்டை போட்ட கொழும்பு மாத்தையா ஒருத்தர் எறங்கினாரு. பின்னாடியே பந்தோட ரெண்டு புள்ளைங்க. ஸ்கூல் லீவுக்கு அந்த வண்டியிலேயே காட்டுல தங்க வந்திருக்காங்களாம். அவரு நேரா வந்து அந்த வெத்து எடத்துல நின்னுக்கிட்டு, சிங்களத்துல கேட்டாரு:

"இங்க காசு கட்டாம எத்தனை நாள் தங்கலாம்?"

நான்தான் சொன்னேன்.

"மண்ணு வர்ற வரைக்கும் தங்கலாம், மாத்தையா."